முப்பத்திரண்டும் ஓர் ஐந்தும்

என் மாவுக்கடைச் சுவரில் இரண்டு தாள்கள் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. ஒன்று மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர். அமாவாசை, கிருத்திகை, முகூர்த்தம் எல்லாம் அதில் இருக்கும். இட்லி மாவு விற்பவளுக்கு அதைவிடப் பெரிய அதிகாரி கிடையாது. அமாவாசையன்று திண்டிவனத்தில் பாதி வீடுகளில் ராத்திரிக்குச் சோறு இல்லை, டிபன்தான். அன்றைக்கு மாவு இரண்டு மடங்கு போகும். இன்னொன்று, விழுப்புரத்தில் நான் சேர்ந்திருந்த ஓட்டக் குழுவில் கொடுத்த பதினாறு வார அட்டவணை. எந்தக் கிழமை எத்தனை கிலோமீட்டர், எந்தக் கிழமை ஓய்வு என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. பிப்ரவரியில் வரும் கடைசிக் கட்டத்தில் 42.2 என்று இருந்தது. முழு மாரத்தான். பக்கத்துக் கடலோர ஊரில்.

அட்டவணையின் அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: ‘இந்தப் பதினாறு வாரத்தில் வேறு போட்டிகள் வேண்டாம்.’

நான் பேனாவை எடுத்து அந்த வரிக்கு மேலே உள்ள கட்டங்களில் மூன்று வட்டம் போட்டேன். நான்காவது வாரம், திண்டிவனத்தில் ஐந்து கிலோமீட்டர். எட்டாவது வாரம், விழுப்புரத்தில் பத்து. பதின்மூன்றாவது வாரம், கெடார் கிராமத்தில் பொங்கல் விளையாட்டு விழா. அங்கேயும் ஐந்துதான்.

எங்கள் பயிற்சியாளர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். வங்கியில் வேலை. காசு வாங்காமல் பன்னிரண்டு பேரை ஓடவைத்துக் கொண்டிருந்த நல்ல மனிதர். நான் தம்பி என்பேன், அவர் அக்கா என்பார். வட்டம் போட்ட தாளைப் படம் எடுத்து அனுப்பியதும் போன் வந்துவிட்டது.

“அக்கா, இன்னாக்கா இது? ஷெட்யூல்ல இல்லாததையெல்லாம் எழுதி வெச்சிருக்கீங்க.”

“ஓட்டந்தான தம்பி எழுதியிருக்கேன், சினிமாவுக்குப் போறேன்னா எழுதியிருக்கேன்?”

“பரீட்சை பிப்ரவரிலக்கா. அது வரைக்கும் படிக்கணும், அவ்ளோதான்.”

“பள்ளிக்கூடத்துலயே காலாண்டு, அரையாண்டு எல்லாம் எழுதிட்டுத்தான் முழுப் பரீட்சைக்கு உட்டாங்க. நேரா முழுப் பரீட்சை எழுத நான் இன்னா அவ்ளோ புத்திசாலியா?”

அவர் சிரித்தார். ஆனால் விடவில்லை. “பிரச்சனை அது இல்லக்கா. நீங்க ரேஸ்னா சும்மா ஓட மாட்டீங்க. உங்க கண்ணே மாறிடும்.”

அது உண்மை. ஒப்புக்கொள்ளவில்லை.

நான் ஓட வந்தது நாற்பத்திரண்டு வயதில். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, நட என்றார் டாக்டர். நடந்தேன். கடையில் கிரைண்டரில் அரிசியைப் போட்டுவிட்டு நடக்கப் போனால், அது அரைபட்டு முடிவதற்குள் திரும்ப வேண்டும். அதனால் வேகமாக நடந்தேன். அப்புறம் கொஞ்சம் ஓடினேன். இரண்டு வருடத்தில் அரை மாரத்தான் வரைக்கும் வந்துவிட்டேன். கிரைண்டருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் போட்டி இல்லாத நாளில் ஓடுகிற பெண்ணைப் பார்த்தால் எங்கள் ஊரில் ஆளுக்கொரு கேள்வி. நான் இதையெல்லாம் மனசுக்குள் சேர்த்து வைத்திருக்கிறேன். பால்வண்டிக்காரர் என் பக்கத்திலேயே வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து கேட்டார்: “இன்னாம்மா, பஸ்ஸ உட்டுட்டியா? ஏறு, ஸ்டாண்டுல எறக்கி உட்றேன்.” பூக்கட்டுகிற அம்மா நாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே விட்டாள்: “யாரு கண்ணு தொரத்தறது? சொல்லு, நான் பாத்துக்கிறேன்.” ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் போக விடியாத நேரத்தில் பஸ் ஏறினால், நடத்துனர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: “யாரும்மா தவறிட்டாங்க?” அந்த நேரத்தில் தனியாகப் பஸ் ஏறுகிற பெண் சாவுக்குத்தான் போகிறாள் என்று அவருக்கு ஒரு கணக்கு.

போட்டி நாளில் மட்டும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. நெஞ்சில் நான்கு ஊக்கு குத்தி ஒரு நம்பரை மாட்டிவிட்டால் போதும். அதே பால்வண்டிக்காரர் வண்டியை நிறுத்திக் கைதட்டுவார். பதினாறு வாரம் நம்பர் இல்லாமல் ஓடு என்றால், பதினாறு வாரம் பதில் சொல்லிக்கொண்டே ஓடு என்று அர்த்தம். இதைத் தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் ஆண் பிள்ளை. புரிந்தது என்றார், புரியவில்லை.

முதல் வட்டம், திண்டிவனத்து ஐந்து. ரத்ததான விழிப்புணர்வுக்காக நடத்தினார்கள். அட்டவணைப்படி அன்றைக்குப் பதினாறு ஓட வேண்டும். ஐந்து ஓடிவிட்டு வீட்டுக்கு வந்தால் பதினொன்று கடன் நிற்கும். நான் என்ன செய்தேன் என்றால், வீட்டிலிருந்து ஊரைச் சுற்றிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் மெதுவாக ஓடி, புறப்படும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். போட்டியில் ஐந்து, மூச்சு வாங்க. சான்றிதழை வாங்கிப் பாவாடைக் கயிற்றில் செருகுவதுபோல் பேண்ட் இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடியும் ஆறு மெதுவாக. மொத்தம் பதினாறு. அந்த வாரம் வியாழக்கிழமை வேக ஓட்டம் என்று ஒன்று இருந்தது. அதை அடித்துவிட்டேன். போட்டியில்தான் வேகம் வந்துவிட்டதே.

பரிசு கொடுக்கிற மேடையைத் தாண்டி நான் ஓடிக்கொண்டே போனதைப் பார்த்து ஒருத்தர் மைக்கில் கூப்பிட்டார்: “அம்மா, முடிஞ்சிடுச்சும்மா! நில்லும்மா! யாராவது சொல்லுங்கப்பா அந்த அம்மாவுக்கு!”

தம்பிக்கு அன்றைய கணக்கை அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் மட்டும் பதில் வந்தது. வாயால் சொல்ல மனசு வரவில்லை போல.

அதில் எனக்குத் தலை கனத்துவிட்டது. இரண்டாவது வட்டத்தில் மாட்டினேன். விழுப்புரத்துப் பத்து கிலோமீட்டரில் என் வாழ்நாளிலேயே வேகமாக ஓடினேன். மார்கழிக் குளிர், நல்ல ரோடு, முன்னால் ஓடிய காலேஜ் பெண்ணின் ரெட்டை ஜடை. அந்த ஜடையைத் துரத்திக்கொண்டே போய் முடிவில் தாண்டிவிட்டேன். சரி, அதோடு விட்டிருக்க வேண்டும். ஐந்து ஓடினால் உடம்பு மறுநாளே மன்னித்துவிடும். பத்தை உயிரைக் கொடுத்து ஓடினால் மூன்று நான்கு நாள் அதைத் தூங்கவிட வேண்டும். நான் செவ்வாய்க்கிழமை அட்டவணையில் போட்டிருந்த வேக ஓட்டத்தையும் ஓடினேன். ரேஸ் ஓடியதால் அட்டவணையில் ஒன்று குறைந்துவிட்டது என்று தம்பி சொல்லிவிடக் கூடாதே என்கிற வீம்பு. கிரைண்டரில் உளுந்து அரைபட்டுக்கொண்டிருக்கும்போதே அரிசியையும் கொட்டினால் பெல்ட் வழுக்கும் என்று எனக்குத் தெரியும். பதினெட்டு வருடமாக மாவு அரைக்கிறேன். என் காலுக்கு அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பத்து நாள் ஓட்டம் இல்லை. இடையில் அமாவாசை வேறு வந்தது. ஒற்றைக்காலை ஊன்றிக்கொண்டு மாவு கட்டிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் கிரைண்டருக்கும் கல்லாவுக்கும் நடுவே அலைந்தார். “நீ ரோட்டுல ஓடற, நான் கடைக்குள்ளயே ஓடறேன். எனக்கு எவன் மெடல் குடுப்பான்?” என்றார். என் மெடலைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டேன். அன்று முழுக்க அதைப் போட்டுக்கொண்டே மாவு விற்றார், மனுஷன்.

தம்பி வந்து பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன்.

“அக்கா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. இருபத்தாறு கிலோமீட்டர் லாங் ரன் போச்சு. இன்னும் ஒரு பெரிய ஓட்டந்தான் பாக்கி, முப்பத்திரண்டு. குரூப்ல எல்லாரு பேரையும் நான்தான் குடுத்திருக்கேன். ஃபுல்லுலருந்து ஹாஃபுக்கு மாத்தறதுக்கு அந்த ஞாயித்துக்கெழமதான் கடைசி நாள். முப்பத்திரண்டை ஒழுங்கா முடிச்சீங்கன்னா ஃபுல். முடிக்கல, இல்ல கால் வலிக்குதுன்னீங்கன்னா உங்க பேரை ஹாஃபுக்கு மாத்திருவேன். கையெழுத்துகூடக் கேக்க மாட்டேன்.”

“எந்த ஞாயிறு தம்பி?”

“பொங்கல் முடிஞ்ச ஞாயிறு.”

கெடார் ஓட்டம் அதே ஞாயிறுதான்.

நான் அதைச் சொன்னதும் அவர், “அதை விட்ருங்கக்கா. ஒரு அஞ்சு கிலோமீட்டர். அவங்க பரிசா குடுக்கற எவர்சில்வர் குடத்த நான் வாங்கித் தர்றேன்” என்றார்.

குடத்துக்காக இல்லை. அதற்கு முந்தின வருடப் பொங்கலுக்குக் கெடாரில் என் நாத்தனார் வீட்டில் இருந்தேன். வீட்டுக்காரரின் தங்கை. கரும்பு, மல்லாட்டை என்று நாள் முழுக்கக் கழனியில் நிற்கிறவள். ஊர் இளைஞர்கள் வைத்திருந்த விளையாட்டு விழா பேனரில் ஆண்களுக்குப் பத்து கிலோமீட்டர் ஓட்டம் என்று இருந்தது. பெண்களுக்குக் கோலப் போட்டி, எலுமிச்சை ஸ்பூன், மியூசிக்கல் சேர். நான் போய் மைக் வைத்திருந்த பையனிடம் கேட்டேன்.

“பொம்பளைங்களுக்கு ஓட்டம் இல்லையா?”

“மியூசிக்கல் சேர் இருக்குதுங்களே. அதுலயும் ஓடணும்ல?”

“நாற்காலியச் சுத்தி ஓடறதுக்கா நான் திண்டிவனத்துலருந்து வந்தேன்?”

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த விழாக் குழுத் தலைவர், வெள்ளைச் சட்டைக்காரர், சமாதானத்துக்கு வந்தார். “வெக்கலாம்மா. ஆனா நம்மூர்ல எவ ஓடுவா? பேரு குடுப்பாளுங்க, பாதில நின்னு சிரிச்சிக்கினு வந்துருவாளுங்க. அடுத்த வருஷம் வெச்சிப் பாக்கறோம். அஞ்சு பேரு, அஞ்சு பேரும் ஓடி முடிக்கணும். முடிச்சாங்கன்னா வருஷா வருஷம் வெக்கறோம். ஒருத்தி கொறஞ்சாலும் அதோட சரி, நாற்காலியோட நிறுத்திக்குவோம்.”

என் நாத்தனார் அங்கேயே இடுப்பில் கை வைத்துச் சொன்னாள்: “அஞ்சு பேரை நான் புடிச்சி தர்றேன். எங்க அண்ணி ஒருத்தி, நான் ஒருத்தி, மூணு பேருதான பாக்கி?”

அந்த மூன்று பேரைப் பிடிக்க அவளுக்கு ஒரு வருடம் ஆனது. ஐந்து என்றால் ஐந்து. ஆறாவது ஆள் இல்லை. நான் போகாவிட்டால் நான்கு.

தம்பியிடம் இதைச் சொன்னபோது சுவரிலிருந்து அட்டவணையைக் கழற்றி விரித்தார். பிறகு அவரும் நானுமாக ஒரு வழி பண்ணினோம். விழுப்புரத்தில் நாங்கள் கூடும் மைதானத்தில் சில சுற்று ஓடிவிட்டு, காணை வழியாகக் கெடாருக்கு ஓடியே போவது. போய்ச் சேரும்போது கடிகாரத்தில் இருபத்திரண்டு இருக்கும். அங்கே ஐந்து, பிறகு ஊருக்குள்ளேயே இன்னும் ஐந்து. முப்பத்திரண்டு.

“ரெண்டு கண்டிஷன்க்கா. ரேஸ்ல ரேஸ் பண்ணக் கூடாது. நடுவுல பத்து நிமிஷத்துக்கு மேல நிக்கக் கூடாது. நின்னீங்கன்னா அது முப்பத்திரண்டு இல்ல, ரெண்டு மூணு சின்ன ஓட்டம். நான் ஒத்துக்க மாட்டேன்.”

அந்த ஞாயிறு நாலரை மணிக்குப் புறப்பட்டேன். குழுவில் மற்றவர்கள் வேறு சாலையில் போனார்கள். தம்பி ஸ்கூட்டரில் தண்ணீரோடு அவர்களுக்கும் எனக்குமாக அலைந்தார். காணை தாண்டும்வரை இருட்டுதான், நெற்றியில் கட்டிய விளக்கு, கரும்பு வண்டி வந்தால் ஓரம் ஒதுங்குவது. விடிந்தபோது இரண்டு பக்கமும் அறுத்த கழனி. கெண்டைக்கால் ஒன்றும் பேசவில்லை. நானும் அதனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கெடாருக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது சாலையோரம் ஒரு நாற்காலி. அதில் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். ஆண்களின் பத்து கிலோமீட்டருக்கு அதுதான் திரும்புமிடம். அங்கே வந்து திரும்பியதற்கு அத்தாட்சியாக ஓடுகிறவர் கையில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிவிடுவார்கள். அவர் என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்து, “கைய நீட்டு, கைய நீட்டு!” என்று ஒரு சிவப்பு ரப்பர் பேண்டை மாட்டிவிட்டார். நான் எந்தத் திசையிலிருந்து வருகிறேன் என்று அவர் பார்க்கவில்லை. விளக்கம் சொல்ல நின்றால் பத்து நிமிடக் கணக்கில் போய்விடும். ஓடிவிட்டேன்.

சற்று நேரத்தில் ஆண்கள் எதிரே வந்தார்கள், திரும்பிப் பின்னாலும் வந்தார்கள். ஊர் எல்லையில் எனக்குப் பின்னால் தடதடவென்று ஒரு காலடி கேட்டது. முதலில் வருகிறவன். அவன் என்னைத் தாண்டுவதற்குள் வளைவு வந்துவிட்டது. வளைவு திரும்பினால் மேளம். ஜனம். மைக்கில் குரல்: “இதோ! இதோ! முதலாவதாக ஓடி வந்து... ஓடி வந்து... யாருப்பா இது?”

மேளக்காரர்கள் யாரென்று பார்க்கவில்லை, அடித்துவிட்டார்கள். வெள்ளைச் சட்டைத் தலைவர் தயாராகப் பிரித்து வைத்திருந்த சால்வையை என் தோளில் போட்டுவிட்டார். கையில் ரப்பர் பேண்ட் வேறு இருக்கிறது, என்ன சந்தேகம்? நிஜமாக ஜெயித்த பையன் மூச்சிரைக்க வந்து நின்று, ரொம்ப மரியாதையாக, “அக்கா, அது என்னுதுங்க” என்றான்.

கூட்டம் உருண்டு சிரித்தது. சால்வையைக் கழற்றி அவனுக்கு நானே போட்டேன். “தம்பி, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல” என்றேன்.

மணி ஏழு இருபது. பெண்கள் ஓட்டம் ஏழரைக்கு. என் நாத்தனார் புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொலுசோடு, செருப்பில்லாமல் நின்றாள். மற்ற மூன்று பேரும் அவள் பின்னால். ஒருத்தி நூறு நாள் வேலைக்குப் போகிறவள், ஒருத்தி சத்துணவு சமைக்கிறவள், ஒருத்தி காலேஜ் முடித்த பெண். கணக்காக ஐந்து.

“அண்ணி, வேர்வைய பாத்தா ஆத்துல உழுந்த மாதிரி கீறியே. ஓடிருவியா?”

“கொடி எப்ப அசைக்கறாங்க?”

அங்கேதான் சிக்கல். ஆண்கள் ஓட்டத்தை ஊர்க்காரர்களே தொடங்கி வைத்துவிட்டார்கள். பெண்கள் ஓட்டம் புதுசு, விசேஷம், அதற்கு ஒரு பிரமுகர் வந்து கொடி அசைக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். பிரமுகர் இன்னும் கிளம்பவில்லை. “வந்துக்கினே இருக்காரு” என்றார் தலைவர். எனக்குத் தெரிந்த தமிழில் அதற்கு ஒரு மணி நேரம் என்று பொருள்.

“அவரு வராம ஆரம்பிச்சா இன்னாங்க?”

“எப்டிம்மா? பேனர்ல படம் போட்டுட்டம்.”

நின்றால் என் முப்பத்திரண்டு செத்துவிடும். இருபத்திரண்டோடு நின்று ஒரு மணி நேரம் கால் ஆறிப் போனால், பிறகு ஓடுவது எல்லாம் தம்பி சொன்னதுபோல் சின்ன ஓட்டம்தான். ஹாஃபில் போட்டுவிடுவார். நான் யோசித்தது இரண்டு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம்தான். “நான் ஓடிக்கினு இருக்கேன், அவரு வந்தா கூப்டு” என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டு ஊரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம், பால் சொசைட்டி, ஏரிக்கரை, மறுபடியும் தண்ணீர்த் தொட்டி. ஒரு சுற்றுக்கு ஒன்றரை கிலோமீட்டர் காட்டியது கடிகாரம். முதல் சுற்றில் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாவது சுற்றில் கேள்வி கேட்டார்கள். மூன்றாவது சுற்றில் பதில் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். பால் சொசைட்டி வாசலில் ஒருவர், “வேண்டுதலும்மா, ஒம்போது சுத்து” என்று பக்கத்து ஆளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். குழாயடியில் ஒரு கிழவி என்னைப் பார்த்து, “புருஷன் அடிச்சிட்டானா? அவன ஓட உடு, நீ ஏன் ஓடற?” என்றாள். நான் சிரித்ததில் மூச்சுக் கணக்கு தப்பிவிட்டது. நம்பர் இல்லாமல், கேள்விகளுக்கு நடுவே, வெயில் ஏற ஏற ஓடினேன். எதற்குப் பயந்து மூன்று வட்டம் போட்டேனோ, அது முழுசாக அங்கே வந்து சூழ்ந்துகொண்டது. ஐந்தாவது சுற்றில் அதுவும் பழகிவிட்டது.

ஏழாவது சுற்று முடிவதற்குள் முப்பத்திரண்டு. மணி எட்டே முக்கால். தண்ணீர்த் தொட்டியடியில் தம்பி ஸ்கூட்டரோடு நின்றார். என் கடிகாரத்தை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“அக்கா! நிக்கவே இல்ல நீங்க. முடிஞ்சுச்சு. ஃபுல்லுக்கா, ஃபுல்லு! இப்பவே லிஸ்ட் அனுப்பிடறேன். ஒக்காருங்க.”

அவர் வாயை மூடுவதற்குள் கார் ஒன்று வந்தது. மேளம் அடித்தது. பிரமுகர்.

தம்பி என் முகத்தைப் பார்த்தார். “வேணாம்க்கா.”

“அஞ்சு கிலோமீட்டர் தம்பி.”

“முப்பத்திரண்டு ஓடின கால்ல! அந்தக் கெண்டைக்காலு இப்ப புடிச்சிக்கிச்சின்னா பிப்ரவரி போச்சு. ஃபுல்லும் இல்ல, ஹாஃபும் இல்ல. மூணு மாசமா ராப்பகலா ஓடினது இந்த ஊரு குடத்துக்கா?”

“குடம் மூணு பேருக்குத்தான். எனக்கு வராது.”

“அப்ப எதுக்கு?”

“நாலு பேரு ஓடினா அடுத்த வருஷம் நாற்காலி.”

அவர் விழாத் தலைவரிடமே போய்ப் பேசினார். இந்த அம்மா ஏற்கெனவே முப்பத்திரண்டு ஓடிவிட்டார், இதில் ஓடியதாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று. தலைவர் நல்லவர்தான், ஆனால் தலையை ஆட்டினார். “ஊரு முன்னாடி சொன்ன சொல்லுங்க. அஞ்சு பேரும் இந்தக் கோட்டுலருந்து போயி, இந்தக் கோட்டுக்கு வரணும்.” எனக்கு அதில் வருத்தம் இல்லை. எனக்காக அவர் வளைந்திருந்தால், அடுத்த வருடம் இன்னொருத்தருக்காக வேறு பக்கம் வளைவார்.

தம்பி ஸ்கூட்டரிலேயே சாய்ந்துகொண்டு, “லிஸ்டை இப்ப அனுப்ப மாட்டேன். நீங்க திரும்பி வந்தப்பறம் காலைப் பாத்துட்டு அனுப்பறேன்” என்றார். அதுவும் நியாயம்தான்.

கொடி அசைந்தது. ஐந்து பேரில் முதல் ஐம்பது அடிக்குள்ளேயே நான் கடைசி. பிரமுகருக்கு மாலை, மரியாதை என்று நின்ற இருபது நிமிடத்தில் தொடை இரண்டும் மரக்கட்டை. நாத்தனாரின் கொலுசுச் சத்தம் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. என் கண் மாறப் பார்த்தது. சத்துணவுக்காரி என் முன்னால் நூறு அடியில் மூச்சு வாங்கிக்கொண்டு போகிறாள், இரண்டு நிமிடம் பல்லைக் கடித்தால் தாண்டிவிடலாம். கடிக்கவில்லை. என் ஓட்ட வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியம் அதுதான். முப்பத்திரண்டு ஓடியது இல்லை, முன்னால் போகிற ஒருத்தியைப் போகவிட்டது.

அவள் நின்றுவிட்டாள். திரும்புமிடம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு. தலைவர் சொன்ன அதே சிரிப்பு.

“என்னால ஆவலக்கா. நீங்க போங்க. பாதி ஊரு பாக்குது, வெக்கமா இருக்குது.”

“நில்லாத. நட.”

“நடந்தா ஒத்துக்குவாங்களா?”

“இன்னிக்கிக் கோட்டுலருந்து கோட்டுக்குன்னுதான சொன்னாரு. ஓடணும்னு சொல்லலியே. வா.”

நடந்தோம். கொஞ்சம் ஓடினோம். மறுபடி நடந்தோம். அவள் தினமும் எண்பது பிள்ளைகளுக்கு முட்டை உரிக்கிற கதையைச் சொன்னாள். நான் அமாவாசை மாவுக் கதையைச் சொன்னேன். எதிரே வெயிலில் ஒரு உருவம் ஓடி வந்தது. என் நாத்தனார். முதலாவதாக முடித்துவிட்டு, குடத்தைக்கூட வாங்காமல் திரும்பி வந்திருக்கிறாள்.

“இன்னாங்கடி, ரெண்டு பேரும் மாப்ள வீட்டுக்கா போறீங்க? ஜல்தி வாங்க! அந்தாளு பேச்சு முடிஞ்சா கார்ல ஏறிருவாரு. மூணு பேரு முடிச்சிட்டோம், அஞ்சு ஆவலன்னு தலைவரு நோட்டைத் தொறந்து வெச்சிக்கினு நிக்கறாரு!”

அவள் எங்கள் இருவர் பின்னாலும் மாடு ஓட்டுகிறவள்போல் கையை வீசிக்கொண்டு வந்தாள். கடைசி வளைவில் சத்துணவுக்காரி எனக்கு முன்னால் ஓடினாள். ஊர் ஜனம் சத்தமாக எண்ணியது. அவள் கோட்டைத் தாண்டியபோது, “நாலு!” நான் தாண்டியபோது, “அஞ்சு!” மைக் வைத்திருந்த பையன், போன வருடம் நாற்காலி என்றவனேதான், “அடுத்த ஆண்டும் பெண்களுக்கான ஓட்டப் போட்டி நடைபெறும்” என்று பிரமுகர் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே அறிவித்துவிட்டான்.

தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் போன், திறந்த பட்டியல். என் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது.

“உண்மைய சொல்லுங்கக்கா. கால் எப்டி இருக்குது?”

“நல்லாருக்குது.”

“வாயால வேணாம். எடது கால்ல மட்டும் நின்னு குதிங்க. பத்து. நடுவுல மொகம் சுளிச்சீங்கன்னா ஹாஃப்.”

கெடார் தண்ணீர்த் தொட்டியடியில், முப்பத்தேழு கிலோமீட்டர் ஓடிய பிறகு, ஊரே சுற்றி நிற்க, வலது காலை மடக்கிக்கொண்டேன். நாத்தனார் தோளைக் கொடுக்க வந்தாள், வேண்டாம் என்றேன். ஒன்று. சதை பிடிக்கவில்லை. இரண்டு. தம்பி என் கெண்டைக்காலைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு குதித்தேன். ஜனம் மறுபடியும் எண்ண ஆரம்பித்தது. ஏழில் கால் நடுங்கியது. எட்டில் அதட்டினேன். பத்து என்று அவர் விரலைத் தூக்கினார், போதும் என்றார்.

நான் பதினொன்று குதித்தேன், பன்னிரண்டும் குதித்தேன். அவர் கட்டத்தில் ‘ஃபுல்’ என்று தட்டி அனுப்பிவிட்டேன் என்று காட்டிய பிறகுதான் வலது காலைக் கீழே வைத்தேன்.